திருப்பிப் படுக்கவைக்க ஒரு கை

இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டிக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிகிறது. பத்தாம் நாள் துணி மாற்றும்போதுதான் முதுகின் அடியில் புண் இருப்பது தெரிகிறது. ஒரு நோயைத் தீர்க்கப் போன இடத்தில் இன்னொன்று.

இது அபூர்வமல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணக்குப்படி, மருத்துவமனைகளில் உள்ள வயதுவந்த நோயாளிகளில் 12.8 சதவீதம் பேருக்குப் படுக்கைப்புண். 8.4 சதவீதம் பேருக்கு அது மருத்துவமனையிலேயே வந்தது. வாரணாசியில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் 445 பேரைப் பரிசோதித்த ஆய்வு (2005) சொன்னது 4.94 சதவீதம். நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். வீடு திரும்பிய பிறகு வரும் புண் இந்தக் கணக்கில் சேராது.

எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசுங்கும் சதைக்கு ரத்தம் போவதில்லை. சில மணி நேரமே போதும். மேலே லேசான சிவப்பு. உள்ளே சதை செத்திருக்கலாம். நம்மவர்களின் கறுத்த தோலில் அந்தச் சிவப்பும் தெரியாது. சூடா, கடினமா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பணமும் கவசமல்ல: 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 2004இல் இறந்தபோது, தொற்று ஏறிய படுக்கைப்புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்.

தடுக்கும் வழி எளிது. குறித்த நேரத்தில் திருப்பிப் படுக்கவைப்பது, தோலை ஈரமின்றி வைப்பது, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வைப்பது, புரதச் சத்துள்ள உணவு. தண்ணீர் மெத்தை வாங்கினாலும் திருப்பத்தான் வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவது கெடுதல்.

திருப்புவது யார்? கேரள வார்டுகளில் பெரும்பாலும் 'கூட்டிரிப்புக்காரர்', அதாவது துணைக்கு இருக்கும் உறவினர்தான். சொல்லிக்கொடுத்தால் அவர் செய்வார். சொல்லத்தான் ஆள் வேண்டும்.

இதில் கேரளம் ஒரு வழி காட்டியிருக்கிறது. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றோர் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் நோயாளியின் வீட்டுக்கே போனது. 2008இல் மாநில அரசு அதைக் கொள்கையாக்கியது. உள்ளாட்சிகளின் பொறுப்பில் நர்ஸ்கள் வீடு தேடி வந்து புண்ணுக்கு மருந்திடுகிறார்கள், குடும்பத்துக்கும் கற்றுத்தருகிறார்கள்.

ஆனால் நர்ஸ் வந்து போன பிறகும் நாளுக்கு இருபத்துநாலு மணி நேரம் இருக்கிறது. கொச்சியின் தென்கோடியில், இடக்கொச்சி போன்ற இடங்களில், பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போய்விட்ட வீட்டில் எழுபது வயது மனைவியால் கணவரைத் தனியாகப் புரட்ட முடியுமா?

டிஸ்சார்ஜ் சீட்டில் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் எழுதுகிறார்கள். தோல் எப்படி இருக்கிறது, வீட்டில் திருப்ப யார் இருக்கிறார்கள் என்றும் இரண்டு வரி எழுதட்டும். புண் ஆற மாதங்கள் ஆகும். வராமல் தடுக்க ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான்.