வயலில் ஏறிய கடல்

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் சுனாமி அதிக உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் கரையோர மக்கள் உறவுகளையும் வீடுகளையும் இழந்தார்கள். கரையை அண்டிய வயல்களுக்குள்ளும் கடல்நீர் புகுந்தது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அது வயலில் தங்கினால், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் இதைத் தாங்காது.

உப்பு எவ்வளவு என்பதை மண்கரைசலின் மின்கடத்துதிறன் சொல்லிவிடும். மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர்மண். நெல்லின் விளைச்சலோ 3 அளவிலேயே குறையத் தொடங்கும்.

இதற்கு முதல் மருந்து நன்னீர். பெரும்போக மழை நீரை வரம்பு கட்டித் தேக்கி, வடிகால் வழியே வெளியேற்றினால் உப்பு கரைந்து போகும். வடிகால் தூர்ந்திருந்தால் எவ்வளவு மழை பெய்தும் பயனில்லை. மணற்பாங்கான நிலம் விரைவாகத் தேறும், களிமண் தாமதிக்கும்.

களிமண்ணில் இன்னொரு சிக்கல். சோடியம் களித்துகள்களைப் பிரித்து, நீர் இறங்கும் துளைகளை அடைத்துவிடும். அங்கே ஜிப்சம் இட வேண்டும். அதிலுள்ள கல்சியம் சோடியத்தை வெளியே தள்ள, பிறகு பாயும் நீர் அதைக் கழுவிச் செல்லும்.

உவரைத் தாங்கும் 'ஏ.ரி. 354' போன்ற நெல்லினங்களும் இலங்கையில் உண்டு. ஆனால் எந்த வயலுக்கு எது பொருந்தும் என்பதை, விதைப்புக்கு முன் செய்யும் மண் பரிசோதனையே காட்டும்.