அச்சாணியும் ஒரு நட்டும்

உருண்டு வருகின்ற பெருந்தேரைக் காண்போருடைய கண்கள் அதன் கலசத்திலும் குடையிலும் கொடியிலும் செல்லும். அச்சாணியை நோக்குவார் இல்லை. திருவள்ளுவர் நோக்கினார். வினைத்திட்பம் என்னும் 67ஆம் அதிகாரத்திலே, உருவத்தாற் சிறியர் என்று ஒருவரையும் இகழலாகாது என்பதற்கு அவர் கண்ட உவமை அவ்வாணியேயாம். அந்தக் குறளை 30 ஆண்டுகளாக மாணவர்க்குப் படிப்பித்து வருகின்றேன். பதவுரை சொன்னேன், பொழிப்புரை சொன்னேன், பரிமேலழகர் கருத்தும் சொன்னேன். ஆயின், அதன் பொருள் எனக்கு விளங்கியது வகுப்பறையில் அன்று. பளைக்கும் இயக்கச்சிக்கும் இடையே, கண்டி வீதியின் ஓரத்திலே, ஒரு நண்பகலில் விளங்கிற்று.

என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் உண்டு. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவரத் தொடங்கிய இனம் அது. என் தந்தையார் வாங்கி எனக்கு விட்டுச் சென்றது. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே மண்ணெண்ணெயில் ஓடிப் புகை கக்கிய கார்களுள் அதுவும் ஒன்று. அந்நாளில் ஒரு புதிய ரியூபைக் கண்ணாற் காண்பது அரிது. ஒட்டின்மேல் ஒட்டுப் போட்டே ஓடினோம்.

எங்கள் சந்தியிலே ஒரு முதியவர் ஒட்டுப் போடுவார். ரியூபிலே காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துவார். குமிழி எழும் இடத்தைப் பென்சிலாற் குறிப்பார். பின்பு ரயரின் உட்புறம் முழுவதையும் விரலாலே தடவிப் பார்ப்பார். குத்திய முள் அங்கே இருந்தால் அது அவர் விரலில் அகப்படாமற் போகாது. நான் பொறுமை இழந்து நிற்கும்போது, “இப்ப அவசரப்பட்டால் நாளைக்கும் வருவீங்கள், தம்பி” என்பார். அவர் இன்று இல்லை.

இன்று கடைகளிலே காற்றடிக்கும் யந்திரம் உண்டு. ரயரைக் கழற்றும் யந்திரம் உண்டு. கண்மூடித் திறப்பதற்குள் நட்டை முடுக்கும் யந்திரமும் உண்டு. கருவிகள் பெருகின. கவனம் பெருகிற்றோ என்பதே வினா.

நகரத்திலுள்ள ஒரு கடையில் எனக்கு நேர்ந்தவற்றைச் சொல்லுகின்றேன். ஒருநாள் முன்சில்லுக் காற்றுப் போயிற்று. ரியூபை ஒட்டித் தந்தார்கள். இரண்டு நாளில் மறுபடியும் போயிற்று. கழற்றிப் பார்த்தால் பழைய ஒட்டு நன்றாகவே இருந்தது. அதன் அருகிலே புதிய துவாரம் ஒன்று. முதல்நாட் குத்திய கம்பித்துண்டு ரயரின் உள்ளே அப்படியே இருந்தது. ரியூபை வைத்தியம் செய்தவர்கள் நோயின் முதலை நாடவில்லை. தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடந்தான் செலவாகவில்லை.

வேறொரு நாள் காற்றடிக்கச் சென்றேன். என் காருக்குச் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல் அமுக்கம் போதும். அவர்களோ 40 இறாத்தல் அடித்து அனுப்பினார்கள். காற்று மிகுந்தால் ரயர் நடுவிற் புடைத்து, அந்த நடுப்பகுதி மாத்திரமே நிலத்தில் ஊன்றும். நடு விரைவில் தேயும். தெருவைப் பற்றும் வலியும் குறையும். ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து பேசிற்று. கேட்டபோது, “எல்லாத்துக்கும் ஒரே அளவுதான், ஐயா” என்றார்கள். எல்லார் காலுக்கும் ஒரே அளவிற் செருப்புத் தைக்கும் கடை உண்டோ?

இவ்விரண்டையும் பொறுத்தேன். வீட்டுக்குக் கிட்டிய கடை என்பதே காரணம். சோம்பலுக்குப் பொறுமை என்று பெயர் வைப்பது எளிது.

மூன்றாவது நிகழ்ச்சி சென்ற ஆண்டு ஆவணியில் நேர்ந்தது. என் மருமகள் கைக்குழந்தையோடு கிளிநொச்சியிலுள்ள கணவன் வீட்டுக்குத் திரும்பவேண்டியிருந்தது. தூரப் பயணம் என்பதனால் முதல்நாள் அதே கடையிலே முன்சில்லுகளுக்குப் புதிய ரயர் போடுவித்தேன். ஏறக்குறைய இருபது வயதுள்ள இளைஞன் ஒருவன் விரைந்து வேலை செய்தான். “எல்லாம் இறுக்கிப்போட்டனோ, தம்பி?” என்றேன். “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ ஐயா, எல்லாம் வடிவா இறுக்கிக் கிடக்கு” என்றான். நானும் யோசிக்கவில்லை.

சாவகச்சேரி கடந்தோம், கொடிகாமம் கடந்தோம், பளையும் கடந்தது. அப்பால் இடப்பக்கத்து முன்சில்லில் மெல்லிய தட்டல் ஓசை ஒன்று கேட்டது. ஸ்ரியறிங் கையில் நடுங்கத் தொடங்கிற்று. பின்னாசனத்திலே குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். என் காரின் சில்லு ஒவ்வொன்றுக்கும் 4 நட்டுக்கள். அந்தச் சில்லில் ஒன்றைக் காணவில்லை. இரண்டு விரலாலே சுழலும் நிலையில் இருந்தன. எஞ்சிய ஒன்றே எங்கள் நால்வரையும் தாங்கி வந்தது. நால்வர் என்றது என்னையும், என் தமக்கையாரையும், மருமகளையும், அந்தக் குழந்தையையும்.

அவ்வழியே வந்த உழவு இயந்திரத்தை ஓட்டியவர் இறங்கி வந்தார். நட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “ஐயா, நட்டெல்லாம் மறுபக்கமாப் போட்டிருக்கு. இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் சில்லு தனியப் போயிருக்கும்” என்றார். அந்த நட்டுக்கு ஒரு முகம் தட்டை, மற்றையது கூம்பு. கூம்பு முகம் சில்லின் துவாரத்திலே பொருந்தி அமர்ந்தால்தான் சில்லு நடுவில் நின்று உறுதிபெறும். தட்டை முகத்தை உள்ளே வைத்தாலும் அது இறுகியதுபோலவே தோன்றும். சில்லு உருள உருள அது தளரும். மற்றைச் சில்லுகளிலிருந்து ஒவ்வொரு நட்டாகக் கடன் வாங்கி, ஏனையவற்றையும் திருப்பிப் போட்டு எங்களை அனுப்பினார். கூலி கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

மறுநாள் கடைக்குச் சென்றேன். முதலாளி என் கதையை முழுவதும் கேட்கவில்லை. “கார் ஓடித்தானே போனது? ஒண்டும் நடக்கேல்லைத்தானே, ஐயா?” என்றார். சினம் என் நாவின் நுனிவரை வந்தது. அப்பொழுது அந்த இளைஞன் அருகில் வந்து, என் கையிலிருந்த நட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இதுக்கு இரண்டு பக்கம் இருக்கெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை, ஐயா. இப்பத்தைக் கார் நட்டுக் கனக்க ஒரு பக்கம் மூடிக் கிடக்கும், மாறிப் போடேலாது” என்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

வள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தார், அது 54ஆவது. பொச்சாப்பு என்பது மறதி. அறியாமை அன்று, அறிந்தவன் தன் நிலையில் மகிழ்ந்து சோர்ந்திருத்தல். அந்த இளைஞனிடம் இருந்தது அறியாமை. முதலாளியிடம் இருந்தது பொச்சாப்பு. இரண்டு முறை பிழை கண்டும் மூன்றாம் முறை அங்கேயே சென்று, ஒரு நட்டையும் தொட்டுப் பாராமல் காரை எடுத்த என்னிடம் இருந்ததும் பொச்சாப்பே. கைக்குழந்தையை ஏற்றியவன் நான்.

இத்தொழிலின் பெருந்துன்பம் ஒன்று உண்டு. தையற்காரர் செய்த பிழை அவர் கண்முன்னே சட்டையிலே தெரியும். சமையற்காரர் பிழை பந்தியிலே தெரியும். ரயர்க் கடையிற் செய்த பிழையோ பல மைல்களுக்கு அப்பால், யாருமில்லாத வெளியிலே தெரியும். செய்தவன் அதனைக் காண்பதில்லை. காணாத பிழையை ஒருவன் எங்ஙனம் திருத்துவான்? ஆசிரியத் தொழிலும் அத்தகையதே. வாசியாமலே “சரி” என்று குறியிட்டு நான் திருப்பிக் கொடுத்த கொப்பிகளும் உண்டு. அவை எந்தத் தெருவிலே எந்த நட்டைக் கழற்றினவோ, யான் அறியேன்.

டன்லொப்பின் காற்றடைத்த ரயர் பிறந்த கதையை இங்கே நினைத்தல் தகும். பெல்பாஸ்ற் நகரிலே கால்நடை வைத்தியராக இருந்த ஜோன் போய்ட் டன்லொப், தம் சிறுமகனுடைய முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று எண்ணியே அதனை ஆக்கினார். 1888இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். மகன்மீது வைத்த அக்கறையே அதற்குள் அடைத்த முதற்காற்று.

ஆதலால் கார் வைத்திருப்போர்க்குச் சில சொல்வேன். கடையை விட்டுப் புறப்படுமுன் நட்டுக்களைத் தொட்டுப் பாருங்கள். அவற்றை வட்டமாக அடுத்தடுத்து இறுக்காமல், எதிரெதிராக மாற்றி இறுக்கச் சொல்லுங்கள். உங்கள் காருக்குரிய காற்றளவைக் கேட்டுப் பெறுங்கள். புதிய ரயர் வாங்கும்போது அதன் பக்கத்திலே பொறித்த 4 இலக்கங்களை வாசியுங்கள். 1523 எனின், 2023ஆம் ஆண்டின் 15ஆம் வாரத்தில் ஆக்கியது என்பது பொருள். பிழை நேர்ந்தால் திரும்பிச் சென்று சொல்லுங்கள். ஏசுவதற்கு அன்று, செய்தவன் காணும்பொருட்டு.

மூன்று மாதத்தின் பின் அந்தக் கடைக்கு மீண்டும் சென்றேன். அதே இளைஞன் சில்லை மாட்டினான். நட்டு ஒவ்வொன்றையும் போடுமுன் திருப்பிப் பார்த்தான். ஜக்கிலிருந்து காரை இறக்கியபின், யந்திரத்தை வைத்துவிட்டுக் கையாலே மறுபடியும் எதிரெதிராக இறுக்கினான். நான் காசைக் கொடுத்துப் புறப்பட்டேன்.

“கொஞ்சம் நில்லுங்கோ ஐயா” என்றான். “ஐம்பது கிலோமீற்றர் ஓடினபிறகு ஒருக்கா வாங்கோ. திரும்ப இறுக்கிப் பார்க்கவேணும்.”

சென்றேன்.