கடைமடை நீரும் அதைக் காக்கும் சட்டங்களும்

தஞ்சைத் தரணியில் நீரைப்பற்றிப் பேசும்பொழுதெல்லாம் நமது எண்ணம் தலைமடையையே நாடுகிறது. கல்லணையில் எத்தனை கன அடி திறந்தார்கள், நமது வாய்க்காலுக்கு முறை என்றைக்கு வரும் என்பனவே பேச்சாக இருக்கும். வயலைக் கடந்த நீர் பிறகு எங்கே போகிறது என்று கேட்பவர் மிகச் சிலரே. அக்கேள்விக்கு விடை காண விரும்புவோர் பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே சென்று அதிராம்பட்டினத்துக் கரையில் நின்று பார்க்க வேண்டும்.

அங்கே ஊருக்கு அப்பால் உப்பளங்களும், சேற்று நிலமும், அலையாத்தி மரங்களும், அவற்றையடுத்துப் பாக் நீரிணையும் உள்ளன. கிழக்கே இக்காடு முத்துப்பேட்டை வரை தொடர்கிறது. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை உப்பங்கழியில் வந்து கலக்கின்றன. காவிரி நீர் கடல் நீரோடு கலக்கும் இத்தகைய இடங்களில்தான் அலையாத்தி தழைக்கிறது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதன் வேர்களுக்கிடையே வளர்ந்து பின்னர் கடலுக்குச் செல்கின்றன. உழவன் விட்ட நீரே இங்கு மீனவனுடைய முதலாகிறது.

ஆயினும் கடைமடை மக்களுக்கு ஒரு பழைய குறை உண்டு. பாசன நீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தாலும் சேரும், சேராமலும் போகும்; மேலூர்களின் கழிவு மாத்திரம் தவறாமல் வந்து சேரும். இக்குறையைத் தீர்க்கச் சட்டத்தில் இடமுண்டா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

வறண்ட வடிகாலும் நீரோட்டமே

நீர் மாசு தடுப்புக்கென நாடாளுமன்றம் இயற்றிய முதற் பெருஞ் சட்டம் 1974-ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். அதன்படி தமிழ்நாட்டின் மாசு கட்டுப்பாடு வாரியம் 1982-ஆம் ஆண்டு அமைந்தது. இச்சட்டத்தின் 24-ஆம் பிரிவு, நீரோட்டத்திலோ கிணற்றிலோ மாசுபடுத்தும் பொருளை அறிந்தே விடுவதையும், விட அனுமதிப்பதையும் தடுக்கிறது. விடுபவர் மட்டுமன்றி, அறிந்தே இடங்கொடுப்பவரும் பொறுப்பாளியாவார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நீரோட்டம் என்பது யாது? ஆறு, வாய்க்கால், உள்நாட்டு நீர்நிலை, நிலத்தடி நீர் ஆகியன அச்சொல்லில் அடங்கும். அரசு அறிவிக்கும் எல்லை வரையில் கடல் நீரும் அடங்கும். இவற்றுள் நீர் வழியானது ஓடிக்கொண்டிருந்தாலும், தற்காலிகமாக வறண்டு கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீரோட்டமே என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. இச்சிறு வாசகத்தின் பெருமதிப்பை நமது ஊர்களில் வாழ்வோர் உடனே உணர்வர். சித்திரை வைகாசியில் வடிகால் காய்ந்து கிடக்கும். அதைக் குப்பைமேடாகக் கருதுவோரும், கழிவுத் தொட்டி வண்டியை இரவில் அங்கே கவிழ்ப்போரும் உண்டு. 'தண்ணீரே இல்லாத இடத்தில் தண்ணீர் எப்படிக் கெடும்' என்று அவர்கள் கேட்கலாம். ஐப்பசி மழை அதற்கு விடை சொல்கிறது. ஆறு மாதம் சேர்ந்தது அத்தனையும் முதல் வெள்ளத்தில் ஒரே நாளில் கடைமடைக்கு வந்துவிடுகிறது. மழை பெய்த பிறகு குற்றவாளியைத் தேடுவது இயலாது. வடிகால் வறண்டிருக்கும்போதே தடுக்க வேண்டும். சட்டம் அதற்கு இடந்தருகிறது.

தஞ்சைக் கரை தந்த வழக்கு

1990-களின் தொடக்கத்தில் அந்நாளைய தஞ்சை, நாகைக் கடற்கரைகளில் இறால் பண்ணைகள் விரைந்து பெருகின. இறாலுக்கு நல்ல விலை கிடைத்தது. பலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் வயலையடுத்து வெட்டிய குளங்களில் உவர்நீர் தேங்கியபோது, பக்கத்து நெல் வயல்களும் குடிநீர்க் கிணறுகளும் உப்பேறின. தீவனமும் மருந்தும் கலந்த கழிவு நீர் வடிகாலிலும் கழியிலும் விடப்பட்டது.

இதனை எதிர்த்துச் சர்வோதயத் தொண்டரும் கிராம சுயராஜ்ய இயக்கத்தின் தலைவருமான எஸ். ஜெகந்நாதன் 1994-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். தமிழ்நாடு சட்டமன்றமும் 1995-இல் நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை ஆதாரமாகக் கொண்டு, அம்மண்டலத்திலிருந்த புதுமுறைப் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்றும், விளைநிலம், உப்பள நிலம், அலையாத்திக் காடு, ஈரநிலம், ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றை இறால் பண்ணையாக மாற்றலாகாது என்றும் கூறியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் வலியுறுத்தியது. பழைய முறையில் நடந்த வளர்ப்பை அது தடுக்கவில்லை.

ஆனால் தீர்ப்போடு கதை முடிந்துவிடவில்லை. மறுஆய்வு மனுக்கள் எழுந்தன. அகற்றும் ஆணை தடைப்பட்டது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம், 1991-ஆம் ஆண்டின் அறிவிக்கையிலுள்ள தடை இத்தொழிலுக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டு விலக்களித்தது. அதே சமயம் ஒவ்வொரு பண்ணையும் பதிவு பெற வேண்டும் என்று விதித்து, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் ஆணையத்தையும் அமைத்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்டத்திலிருந்த சிறைத் தண்டனையை நீக்கிப் பணத் தண்டத்தை வைத்தது. ஆகவே, ஓர் ஊரில் பண்ணை நடப்பதைக் கண்டால் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'பதிவு உண்டா?' என்பது, இரண்டாவது, 'கழிவு நீர் எங்கே போகிறது?' என்பது.

எந்த நீர்நிலைக்கு எந்தச் சட்டம்?

ஈரான் நாட்டின் ராம்சார் நகரில் 1971-இல் ஈரநிலங்களைக் காக்க ஒரு சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. இந்தியா 1982-இல் அதில் சேர்ந்தது. 2002-ஆம் ஆண்டில் கோடியக்கரைச் சரணாலயமும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அடங்கிய 38,500 ஹெக்டேர் பரப்பு அவ்வுடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. பின்னர் இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இருந்தது இது ஒன்றே. 2022 முதல் வேறு பல இடங்களும் சேர்ந்தன.

ஈரநிலப் பாதுகாப்புக்கென நடுவண் அரசு 2010-இல் விதிகள் வகுத்து, 2017-இல் அவற்றை மாற்றியமைத்தது. ஈரநிலத்தை வேறு பயனுக்கு மாற்றுதல், ஆக்கிரமித்தல், குப்பை கொட்டுதல், ஆலையிலிருந்தோ நகரிலிருந்தோ கிராமத்திலிருந்தோ சுத்திகரிக்காத கழிவை விடுதல் ஆகியவற்றை இவ்விதிகள் தடுக்கின்றன. எனினும் ஆற்றுப் படுகை, நெல் வயல், பாசனத்திற்கோ குடிநீருக்கோ வெட்டிய நீர்நிலை, உப்பளம் ஆகியவை இவ்விதிகளில் ஈரநிலமாகக் கருதப்படுவதில்லை. கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்கீழ் வரும் இடங்களும் இவ்விதிகளுக்குப் புறம்பானவை.

இதைப் படிக்கும் வாசகர், 'அப்படியானால் நமது ஊரில் மிஞ்சுவது என்ன?' என்று மலைக்க வேண்டாம். ஒரு சட்டம் விட்டதை மற்றொன்று பிடித்துக்கொள்கிறது. அலையாத்திக் காட்டுக்கு வனச் சட்டமும் கடற்கரை மண்டல அறிவிக்கையும் காப்பு. 1991, 2011, 2019 ஆகிய மூன்று அறிவிக்கைகளுமே அலையாத்தியை முதல் வகுப்பில் வைத்துள்ளன. பாசன ஏரிக்கு 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் உண்டு. வடிகாலுக்கும் கிணற்றுக்கும் முன் சொன்ன 1974-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எந்த நீர்நிலை எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்று அறியாமல் எழுதும் மனு, முகவரி தவறிய கடிதம்போல் அலுவலகம் அலுவலகமாகச் சுற்றும்.

கடற்பசுவும் நமது வடிகாலும்

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களையொட்டிய பாக் விரிகுடாக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதிராம்பட்டினம் அதன் ஒரு முனையாகும். ஆவுளியா என்றும் வழங்கப்படும் கடற்பசு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. கடற்புல்லுக்குச் சூரிய ஒளி வேண்டும். கலங்கலும் சாக்கடையும் கடலில் சேர்ந்தால் ஒளி தடைப்படும். உரச்சத்து மிகுந்தால் பாசி பெருகிப் புல்லை மூடும். ஆக, கரையிலுள்ள வடிகாலைக் காவாமல் கடலிலுள்ள பசுவைக் காக்க முடியாது. இத்தகைய பாதுகாப்பகத்தின் நிர்வாகக் குழுவில், அது அமைந்துள்ள ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே இடம் அளித்துள்ளது. அந்த உரிமையைக் கரையோர ஊராட்சிகள் நன்கு பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, புரட்டாசி மாதத்திற்குள் ஒவ்வோர் ஊராரும் தமது வடிகாலை அது தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை நடந்து பார்க்க வேண்டும். எங்கே குப்பை சேர்கிறது, எந்தக் குழாய் வந்து விழுகிறது என்பதைத் தேதியிட்டு எழுதி, படமும் எடுத்து வைக்க வேண்டும்.

இரண்டாவதாக, அதனைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்க வேண்டும். மார்ச் 22, உலக நீர் நாள், இதற்குப் பொருத்தமான நாளாகும். அதிராம்பட்டினம் 2021-இல் நகராட்சியாக உயர்த்தப்பட்டது; நகர மக்கள் தமது நகர்மன்ற உறுப்பினர் வாயிலாக இதனைச் செய்யலாம். நகரமும் சுற்றிலுமுள்ள ஊராட்சிகளும் சேர்ந்து நடந்தால் பயன் இரட்டிப்பாகும். வடிகாலுக்கு ஊர் எல்லை தெரியாதன்றோ?

மூன்றாவதாக, தீர்மானத்தின் நகலோடு மாவட்ட ஆட்சியருக்கும் மாசு கட்டுப்பாடு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் மனு அளிக்க வேண்டும். அதிலும் பயன் காணாவிடில், 2010-ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. தகராறு எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் அதனை அணுக வேண்டும் என்பது பொது விதி. காலம் கடத்துவோர் உரிமையை இழப்பர். தேதியிட்டு எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவே.

நான்காவதாக, பிறர் மீது மனு எழுதுமுன் நமது வீட்டுக் கழிவை நாமே கவனிக்க வேண்டும். மேட்டு நிலத்தில் உறிஞ்சு குழி நல்லது. ஆனால் தோண்டினால் உடனே நீர் ஊறும் கடற்கரைத் தெருக்களில் அது அயல்வீட்டுக் கிணற்றைக் கெடுத்துவிடும். அங்கே பொதுச் சுத்திகரிப்பு முறையே தக்கது. அதனைக் கேட்டுப் பெறுவதும் ஊரின் கடமையே.

நாட்டின் கடற்கரை முழுவதற்கும் வழிகாட்டிய 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, உப்பேறிய கிணற்றைக் கண்டு பொறுக்காத கிராம மக்களின் குறையிலிருந்து பிறந்தது. பின்னர் அது தளர்ந்ததும் உண்மையே. ஆகவே சட்டத்தை ஒருமுறை பெற்றுவிட்டால் போதும் என்றிராமல், அறுவடைக்குக் காவல் இருப்பதுபோல் அதற்கும் காவல் இருப்போமாக. தலைமடையில் நாம் விடும் நீரைத்தான் கடைமடையில் நமது சகோதரர்கள் ஏந்துகிறார்கள் என்பதை மறவாதிருப்போமாக.