கடலையை விற்றுப் பாமாயில் வாங்கலாமா?

செட்டிநாட்டு மேட்டு நிலங்களில் மானாவாரியாக நிலக்கடலை பயிராகிறது. ஆனால் காய் முழுவதையும் விற்றுவிட்டுச் சமையலுக்குப் பாமாயில் வாங்கும் வீடுகளும் உண்டு. இரத்தத்தில் கொலஸ்டிரால் கூடியுள்ளவர்களின் வீட்டில் இவ்வழக்கத்தை மாற்றுவது நலம்.

கெட்ட கொலஸ்டிரால் இரத்தக் குழாய்களில் படிந்து மாரடைப்புக்கு வழி செய்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதனைக் கூட்டும். இக்கொழுப்பு தேங்காய் எண்ணெயில் 90 சதவீதம் வரையிலும், பாமாயிலில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் உள்ளது. கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

எந்த எண்ணெயானாலும் அளவு முக்கியம். நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் 3 லிட்டர் போதும். ஆண்டுக்கு வேண்டிய 36 லிட்டருக்குச் சுமார் 90 கிலோ பருப்பு தேவை. இதற்குச் சுமார் 130 கிலோ காயை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். காயை நன்கு உலர்த்தி, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி நீக்கிய பிறகே செக்கில் ஆட்ட வேண்டும். பூசண நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சலாகாது.

அடுத்தது நார்ச்சத்து. கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து பித்த நீரைச் செய்கிறது. நீரில் கரையும் நார் அப்பித்தத்தைப் பிடித்து மலத்துடன் வெளியேற்றுகிறது. புதிதாகப் பித்தம் செய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கிறது. சீனி அவரைக்காய், வெண்டைக்காய், கொள்ளு, தட்டைப்பயறு ஆகியவற்றில் இந்த நார் உண்டு. நாளும் ஒரு வேளையாவது இவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். புரட்டாசி, ஐப்பசியில் ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு விதைத்தால் வீட்டுக்கும் ஆகும், மாட்டுக்கும் ஆகும். பயறு ரகங்கள் பற்றிய விவரங்களைப் புதுக்கோட்டை மாவட்டம் வம்பனிலுள்ள தேசிய பயறு ஆராய்ச்சி மையத்தில் கேட்டறியலாம்.

ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். உணவு மாற்றத்தால் கெட்ட கொலஸ்டிரால் ஓரளவே குறையும். ஸ்டேட்டின் மாத்திரைகளோ அதனை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கின்றன. எனவே மாரடைப்பு வந்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும், டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கொலஸ்டிரால் சற்றே கூடியுள்ள மற்றவர்கள், டாக்டரிடம் கேட்டு, மூன்று மாதம் உணவை மாற்றிப் பார்த்து மீண்டும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அளவு இறங்கினால் மாத்திரை தேவைப்படாமலே போகலாம்.

அடுத்த அறுவடையில் விற்பனைக்கு மூட்டை கட்டுமுன், வீட்டுச் செக்குக்கு வேண்டியதை முதலில் எடுத்து வைப்பது நல்லது.