குழந்தை சொன்னது யாருக்குச் சொந்தம்?

வளரும் மனங்கள் – 11

பெரியவர் ஒருவர் உளவள ஆலோசகரை நாடும்போது துன்பப்படுபவரும், உதவி தேவை என்று முடிவெடுத்தவரும், கட்டணம் செலுத்துபவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பதால், அவர் சொன்னதை வெளியே சொல்லலாகாது என்ற தொழில்நெறியைக் காப்பதில் பெரிய சிக்கல் எழுவதில்லை. பதினான்கு வயது மாணவன் ஒருவன் அழைத்துவரப்படும்போது இவை வெவ்வேறு ஆள்களிடம் பிரிந்துவிடுகின்றன: துன்பம் அவனுடையது, செலவு பெற்றோருடையது, ‘இவனை எங்காவது காட்டுங்கள்’ என்று சொல்லி அனுப்பியவர் பல நேரங்களில் வகுப்பாசிரியர். அமர்வு முடிந்து கதவு திறந்ததும் வெளியே காத்திருக்கும் தாய் கேட்கும் முதல் கேள்வி ‘என்ன சொன்னான்?’ என்பதாகவே இருக்கிறது.

அக்கேள்வியில் குற்றம் காண்பதற்கில்லை. பிள்ளையின் கைப்பேசிக் கடவுச்சொல் முதல் அவனுடைய நண்பர்களின் சாதி, ஊர் வரை அனைத்தையும் அறிந்திருப்பதே பொறுப்புள்ள வளர்ப்பு என்று கருதும் குடும்பங்களில், அவன் முன்பின் அறியாத ஒருவரிடம் பேசியது பெற்றோருக்குக் கிட்டாமற் போவது ஏற்க முடியாத ஒன்றாகத்தான் தோன்றும். மாணவனும் இதை நன்கு அறிவான். தான் சொல்லும் சொல் எவ்வளவு நேரத்தில் வீடு போய்ச் சேரும் என்பதை அவன் முதற் சில நிமிடங்களிலேயே கணக்கிட்டுவிடுகிறான். ‘ஒண்ணுமில்ல’, ‘தெரியல’ என்ற விடைகளுக்கு மேல் எதுவும் வராத அமர்வுகளைக் கண்டு ‘ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பெழுதுவது வழக்கமாயினும், அம்மாணவர்களுள் பலர் தம் நிலைமைக்கு ஏற்ற விவேகத்துடனேயே நடந்துகொள்கின்றனர்.

ஆகவே இரகசியக்காப்பு, அதாவது அமர்வில் பேசப்பட்டதைப் பேசியவரின் ஒப்புதலின்றி வெளியிடாதிருக்கும் கடமை, குழந்தைகளைப் பொறுத்தவரை முதல் நாளிலேயே பெற்றோரையும் பிள்ளையையும் ஒருங்கே அமர்த்தி விளக்கப்படவேண்டிய ஒன்றாகிறது. தேர்ந்த ஆலோசகர் அதன் எல்லையையும் அப்போதே எளிய பேச்சில் சொல்லிவிடுவார்: ‘நீ இங்க பேசுறத உன்னக் கேக்காம வீட்லயோ ஸ்கூல்லயோ சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்துன்னாலோ, உன்ன யாராவது தொந்தரவு பண்றாங்கன்னாலோ நான் சொல்லித்தான் ஆகணும். அப்பவும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.’ இதற்கு மாறாக, தயங்கும் பிள்ளையைப் பேசவைக்கும் அவசரத்தில் ‘யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம்’ என்று வாக்களிப்பவர், காப்பாற்ற முடியாத வாக்கை அளிக்கிறார். அது ஒருமுறை முறிந்தால் அப்பிள்ளை அடுத்து வரும் எந்த ஆலோசகரிடமும் வாய் திறப்பது அரிது. பேச்சைவிடப் படத்தாலும் விளையாட்டாலும் மனத்தைக் காட்டும் சிறு குழந்தைகளுக்கும் இது பொருந்தும். அப்பா இல்லாத வீட்டை ஆறு வயதுச் சிறுமி கிரேயானில் வரைந்து வைத்திருந்தால், அதைப் படமெடுத்து உறவினரின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

பெற்றோருக்கு எதுவுமே சொல்லாதிருப்பதும் தீர்வன்று, ஏனெனில் வாரத்தில் ஒரு மணி நேரம் தவிர எஞ்சிய நேரமெல்லாம் பிள்ளை அவர்களோடுதான் வாழ்கிறது. பேசப்பட்ட செய்தியை விடுத்து, செய்யவேண்டியதை மட்டும் சொல்வது ஆலோசகர்கள் கைக்கொள்ளும் நடுவழி: தேர்வு முடிவு வரும் நாளில் அவனைத் தனியே விடவேண்டாம், அண்ணனின் மதிப்பெண் பற்றிய பேச்சை அன்று எடுக்கவேண்டாம் என்பது தந்தைக்குத் தெரிந்தால் போதும்; அவரைப் பற்றி மகன் சினத்தில் என்ன சொன்னான் என்பது தேவையில்லை. இதனினும் சிறந்த வழி, சொல்லவேண்டியதைப் பிள்ளையே சொல்லுமாறு ஆயத்தப்படுத்துவது. முதல் வாக்கியம் எது, அப்பா குரல் உயர்த்தினால் என்ன செய்வது என்பவற்றை அமர்வில் ஒத்திகை பார்த்தபின், ஆலோசகர் உடனிருக்க அவனே பேசுவான். காலம் அதிகம் பிடிக்கும் வழி இது. நாளொன்றுக்கு இருபது பேரைப் பார்க்கவேண்டிய ஆலோசகரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

பிள்ளையின் இரகசியத்துக்கும் பெற்றோரின் உரிமைக்கும் இடையிலான எல்லையைச் சட்டம் நேரடியாக எதிர்கொண்ட புகழ்பெற்ற வழக்கு இங்கிலாந்தில் நடந்தது. பதினாறு வயது நிரம்பாத பெண்ணுக்கும், விதிவிலக்கான சூழலில், பெற்றோர் அறியாமல் மருத்துவர் கருத்தடை ஆலோசனை வழங்கலாம் என்ற 1980ஆம் ஆண்டின் அரசுச் சுற்றறிக்கையை எதிர்த்து விக்டோரியா கில்லிக் என்ற தாய் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டில் அவர் வென்றாலும், 1985 அக்டோபரில், அன்று நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விஷயத்தை முழுமையாக விளங்கிக்கொள்ளும் அறிவும் முதிர்ச்சியும் பிள்ளைக்கு வாய்த்தபின், அவ்விஷயத்தில் பெற்றோரின் அதிகாரம் விலகுகிறது என்பது ஸ்கார்மன் பிரபுவின் கருத்து. வழக்கில் தோற்ற தாயின் பெயராலேயே அம்முதிர்ச்சி இன்று ‘கில்லிக் தகுதி’ என்று வழங்குவது ஒரு முரண்.

இந்தியச் சட்டத்தில் இத்தகைய படிநிலை இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாத அனைவரையும் சிறாராகவே கொள்கிறது. பாதுகாவலரே அவர்களின் நியமனப் பிரதிநிதி, அதாவது சிகிச்சை பற்றிய முடிவுகளில் உடன்நிற்பவர். அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு இரகசியக்காப்பை உரிமையாக அறிவித்தபோதும், அப்பிரதிநிதி தம் கடமையை ஆற்றத் தேவையான தகவலைப் பெறுவதை விலக்காக வைத்துள்ளது.

இதைவிடக் கடுமையான விலக்கு, போக்சோ எனப்படும் 2012ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தில் உள்ளது. அதன் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆலோசகருக்கு இதில் விலக்கு இல்லை. உறவினரால் சிதைக்கப்படும் குழந்தையைக் காக்க இவ்விதி இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண் தன் காதலனுடனான உறவைத் தானே மனமுவந்து சொல்லும்போதும் இதே விதிதான் பொருந்துகிறது, பதினெட்டுக்குக் கீழ் இசைவு என்பதைச் சட்டம் ஏற்பதில்லை என்பதால். இத்தகைய பதின்பருவக் காதல்களைத் தண்டிப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பாதுகாவலரும் வேண்டினால், காவல்துறைக்கு அளிக்கும் தகவலில் அவளது அடையாளத்தை மருத்துவர் வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியது. ஆலோசகரின் அறைக்கு அத்தகைய சலுகை எதையும் அத்தீர்ப்பு நேரடியாகத் தரவில்லை. தெரிவிக்கும் கடமை எவருக்கும் நீங்கவுமில்லை.

தற்கொலை எண்ணம் வெளிப்படும் அமர்வில் தயக்கத்துக்கே இடமில்லை. நேராகக் கேட்பது அவ்வெண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் ஆய்வுகளால் உறுதிப்படவில்லை. மாறாக, ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதலைப் பலர் வெளியிடுகின்றனர். அதன்பின் பெற்றோரிடம் சொல்லியாகவேண்டும், ஆனால் சொல்ல வேண்டியவை வெகு சில: வயலுக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்தை இன்றே பூட்டவேண்டும், பாட்டியின் மாத்திரைப் பெட்டி அலமாரிக்குள் போகவேண்டும், இரவில் பிள்ளை தனியே உறங்கக்கூடாது, நிலைமை மோசமானால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழைக்கவேண்டும். எந்தச் சண்டையால் அவ்வெண்ணம் வந்தது என்ற விசாரணையை அன்றிரவு தொடங்கவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எஞ்சியிருப்பது குறிப்பேடு. துன்புறுத்தலைப் பற்றிக் குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு எழுதவேண்டும். நீதிமன்றம் அவ்வேட்டைக் கேட்கக்கூடும் என்பதால் ஆலோசகரின் ஊகம் அச்சொற்களோடு கலந்துவிடலாகாது. பிற அமர்வுகளுக்குச் சில வரிகளே போதும், அவையும் தலைமையாசிரியரின் அறை அலமாரியில் இருப்பதற்குரியவை அல்ல. ஒரே வகுப்பு மாணவர் எட்டுப் பேர் வட்டமாக அமரும் குழு அமர்வில், ஆலோசகர் காத்தாலும் உடன் அமர்ந்த எழுவர் காப்பார்களா என்பது வேறு கேள்வி. அது அடுத்த இதழில்.