மரக்காலையும் மரபறிவும்

வீடு கட்ட எண்ணுபவர் கல்லையும் சீமெந்தையும் கடையிற் கண்டவாறே வாங்கிவிடலாம். மரத்தை அவ்வாறு வாங்குதல் இயலாது. கதவு மாரியிற் பருத்து இறுகுவதும் கோடையிற் சுருங்கி இடைவெளி காட்டுவதும் பெரும்பாலும் தச்சரின் குற்றமல்ல. மரம் அவர் கைக்கு வருமுன் மரக்காலையில் நேர்ந்த அவசரத்தின் விளைவாகும். ஆதலின், தந்தையும் மைந்தரும் சேர்ந்து நடத்தும் சிறு மரக்காலைகள் வழிவழியாகப் பேணிய அறிவு யாதென இல்லறத்தார் அறிந்திருத்தல் நன்று.

யாழ்ப்பாணத்து மரக்காலையில் இருவகைப் பொருள்களைக் காணலாம். தொல்காப்பியத்து மரபியல், வெளியே வைரமுள்ளவற்றைப் புல் எனவும் உள்ளே வைரமுள்ளவற்றை மரம் எனவும் வகுக்கும். அதன்படி நம் கூரையைத் தாங்கும் பனை புல்லேயாம். முதிரையும் பாலையும் மரமாம். இது வெறும் இலக்கணச் செய்தியன்று. பனையைப் பிளப்பவர் மென்மையான உட்பகுதியைக் கழித்துப் புறத்தைக் கொள்கின்றார். முதிரையை அரிபவரோ புறத்து வெளிற்றைக் கழித்து உள்வைரத்தைக் கொள்கின்றார்.

வைர மரங்களின் வலிமைக்குச் சான்றுகள் பல. பாலை மரம் புகையிரதப் பாதையின் சிலிப்பர்க் கட்டைகளாகப் பயன்பட்டது. பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833 இல் அமைந்த பாலம், 200 அடிக்கு மேற்பட்ட ஒரே வளைவாக, முழுவதும் முதிரையாற் கட்டப்பட்டது. 1905 இல் இரும்புப் பாலம் வரும்வரை அது பணிபுரிந்தது.

முற்காலத்திலே குழியின்மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவரும் கீழே ஒருவரும் நின்று நெடுவாளை இழுத்தனர். இன்று அவ்வேலையை இயந்திர வாள் செய்கின்றது. ஆயினும், முதல் வெட்டு எங்கே விழவேண்டும் என்பதை இயந்திரம் சொல்லாது. மரம் உலரும்போது நெட்டிலிருந்து புறம்நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ இருமடங்கு, ஆண்டு வளையங்களின் வழியே சுருங்கும். நீளத்திற் சுருக்கம் மிகச் சொற்பம். ஆகவே நெட்டை நோக்கி அரிந்த பலகை நேராக நிற்கும். வளையத்தைத் தழுவி அரிந்த பலகை கிண்ணம்போல் வளையும். முன்னைய முறையிற் கழிவும் கூலியும் அதிகம். எனவே எந்தத் துண்டு கதவுக்கு, எது தீராந்திக்கு என மூத்தவர் அடிமரத்தின் முகத்தைப் பார்த்தே தீர்மானிப்பார். மகனுக்கு அவர் முதலிற் கற்பிப்பதும் அப்பார்வையையே.

அரிந்த பின்னர் உலர்த்தல். பலகைகளுக்கிடையே சிறு சட்டங்களை வைத்து, காற்று ஊடுருவுமாறு நிழலில் அடுக்குவர். முனைகள் விரைந்துலர்ந்து வெடியாதிருக்கத் தாரோ மெழுகோ பூசுவர். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது மேலைநாட்டுப் பழங்கணக்கு. நமது வெப்பநாட்டில் அத்துணைக் காலம் வேண்டியதில்லையெனினும், பல மாதப் பொறுமை வேண்டும்.

இப்பொறுமைக்கே இன்று சோதனை வந்துள்ளது. அடுக்கி வைத்த மரம் முடங்கிய முதலாகும். நாளையே வேண்டுமென நிற்பவருக்குப் பச்சைமரத்தை அரிந்து கொடுத்தால் உடனே காசு. காத்திருப்பவருக்கு வட்டியே மிச்சம். இந்நிலையில் மைந்தர் வேறு தொழிலை நாடுவதில் வியப்பென்ன?

அன்றியும், 1990 இல் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தலை அரசு தடைசெய்தது. காட்டைக் காக்க அது வேண்டியதே. எனின், கிடைக்கும் வேம்பையும் பலாவையும் தேக்கையும் வீணாக்காது அரியும் கை, முன்னிலும் இன்று அவசியமானது.

ஆகவே கதவுக்கு மரம் வாங்கச் செல்பவர் விலையை மட்டும் வினவாது, அரிந்து எத்தனை மாதமாயிற்று என்றும் வினவுக. வெளிறு கலந்துள்ளதா என முனையைப் பார்க்க. ஒரே அளவான இரு பலகைகளைத் தூக்கி நிறை காண்க. ஒரே சாதி மரமாயின், பாரமானது பெரும்பாலும் ஈரமானதே. உலர்ந்த மரத்துக்குச் சற்று மிகுதியாகக் கொடுக்கும் காசு வீண்செலவன்று. அக்காசே அடுத்த அடுக்கையும், அதனைக் காத்திருக்கும் குடும்பத்தையும் நிலைநிறுத்துவது.