1991க்குப் பிறகு கம்யூனிஸ்ட் கட்சிகளின் அனைத்துலக உறவு: சாங்கியிலிருந்து ஒரு பார்வை

பனிப்போர் பாடம் முடியும் நேரத்தில் வகுப்பில் ஒரு பிள்ளையாவது இப்படிச் சொல்லும்: "1991ல சோவியத் யூனியன் உடைஞ்சுபோச்சு, அதோட கம்யூனிசமும் முடிஞ்சிருச்சு டீச்சர்." விடைத்தாளிலும் இதே வரியைப் பார்க்கிறோம். இதில் பாதிதான் சரி. சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது உண்மை. ஆனால் சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா, வடகொரியா ஆகிய நாடுகளில் அந்த மரபில் வந்த கட்சிகளே இன்றும் ஆட்சியில் இருக்கின்றன. இந்தியாவிலும் நேப்பாளத்திலும் தேர்தலில் நின்று ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் கட்சிகள் உண்டு.

அப்படியென்றால் 1991இல் மாறியது என்ன? கட்சிகள் தங்களுக்குள் வைத்திருந்த உறவு மாறியது. முன்பு ஒரு மையம் சொல்லும், மற்றவை கேட்கும். பிறகு சமமாக உட்கார்ந்து அனுபவத்தைப் பேசிக்கொள்ளும் முறை வந்தது. இந்த மாற்றத்தை விளக்க நாம் மாஸ்கோவுக்குப் போக வேண்டியதில்லை. நம்ம சாங்கியிலிருந்தே தொடங்கலாம்.

1. கட்டளைக் காலம்

1919இல் மாஸ்கோவில் 'கொமின்டெர்ன்' என்ற கம்யூனிஸ்ட் அகிலம் அமைந்தது. உலகக் கட்சிகள் எல்லாம் அதன் கிளைகள் என்பதே அதன் கொள்கை. 1930இல் மலாயா கம்யூனிஸ்ட் கட்சி தொடங்கப்பட்டபோது கொமின்டெர்ன் சார்பில் வந்தவர் ஹோ சி மின். பிறகு வியட்நாமின் அதிபரான அதே ஹோ சி மின்தான். மலாயா, சிங்கப்பூர் இரண்டுக்கும் சேர்த்து அந்த ஒரே கட்சி இயங்கியது.

இந்த ஏற்பாட்டில் இரண்டு பலவீனங்கள் இருந்தன. சிங்கப்பூர் வரலாற்றிலேயே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

முதலாவது, ஒரு கண்ணி அறுந்தால் மொத்த வலையும் சிக்கும். 1931 ஜூனில் கொமின்டெர்ன் தூதர் ஜோசப் துக்ரூ சிங்கப்பூரில் கைதானார். அவரிடம் கிடைத்த தகவல்களை வைத்து ஷங்காயில் இருந்த கொமின்டெர்ன் அலுவலகமே பிடிபட்டது. அதே மாதம் ஹோ சி மின் ஹாங்காங்கில் கைதானார்.

இரண்டாவது, மேலிடத்தின் பெயரைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்பதில்லை. மலாயா கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த லாய் டெக்கைக் கொமின்டெர்ன் தொடர்புள்ள ஆள் என்று தோழர்கள் நம்பினார்கள். உண்மையில் அவர் பிரிட்டிஷாருக்கும், பிறகு ஜப்பானியருக்கும் உளவு சொன்னவர். 1947இல் சந்தேகம் முற்றியபோது தப்பி ஓடிவிட்டார். அவருக்குப் பின் சின் பெங் தலைமைக்கு வந்தார்.

தமிழர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் பிறந்த எஸ்.ஏ. கணபதி அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, ஆயுதம் வைத்திருந்த குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஆர்.ஜி. பாலன் மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் துணைத் தலைவராக அறிவிக்கப்பட்டவர்.

2. சாங்கி என்றால் அன்று சிறை

இன்றைய பிள்ளைகளுக்குச் சாங்கி என்றால் விமான நிலையம். தாத்தா பாட்டி காலத்தில் அது 1936இல் கட்டிய சிறையின் பெயர். 1959 ஜூன் 4ஆம் தேதி அந்தச் சிறை வாசலிலிருந்து லிம் சின் சியோங், தேவன் நாயர், ஜேம்ஸ் புதுச்சேரி, எஸ். வுட்ஹல் உள்ளிட்ட எட்டுப் பேர் விடுதலையாகி வெளியே வந்தார்கள். 1963 பிப்ரவரி 2இல் நடந்த 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். லிம், புதுச்சேரி, வுட்ஹல் ஆகியோர் மறுபடியும் உள்ளே போனார்கள்.

இங்கே ஆசிரியர்கள் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கைதான எல்லாரும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்கள் என்று பிள்ளைகள் எழுதக்கூடாது. அரசாங்கத்தின் நிலைப்பாடு ஒன்று, கைதானவர்கள் சொன்னது வேறு. வரலாற்றாசிரியர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. "கம்யூனிஸ்ட் தொடர்பு உண்டு என்ற குற்றச்சாட்டில் தடுத்து வைக்கப்பட்டனர்" என்று எழுதினால் தவறு வராது.

3. வானொலி நின்ற நாள்

1943இல் ஸ்டாலின் கொமின்டெர்னைக் கலைத்துவிட்டார். ஆனாலும் பெரிய கட்சியை நம்பிச் சிறிய கட்சி இருக்கும் பழக்கம் போகவில்லை. மலாயா கட்சிக்குப் பெய்ஜிங் ஆதரவு கொடுத்தது. 1969 நவம்பரில் சீனாவின் ஹுனான் மாநிலத்திலிருந்து 'மலாயாப் புரட்சியின் குரல்' என்ற வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. சீனம், மலாய், ஆங்கிலம் இவற்றோடு தமிழிலும் ஒலிபரப்பு இருந்தது.

1978 நவம்பரில் டெங் சியாவ்பிங் சிங்கப்பூர் வந்தார். தென்கிழக்காசிய நாடுகள் சீனாவை நம்ப வேண்டும் என்றால் இந்த வானொலி நிற்க வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ அவரிடம் வெளிப்படையாகச் சொன்னார். சீனாவுக்கு அப்போது வியட்நாமோடு பகை, ஆசியான் நாடுகளின் நட்பு தேவைப்பட்டது. 1980 இறுதியில் டெங் சின் பெங்கை அழைத்து வானொலியை மூடச் சொன்னார். 1981 ஜூன் 30ஆம் தேதி ஒலிபரப்பு நின்றது.

மறுநாள் 1981 ஜூலை 1, சாங்கி விமான நிலையம் செயல்படத் தொடங்கிய நாள். இரண்டுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் தேதியை மனத்தில் வைத்துக்கொள்ள நல்ல வழி.

இந்தப் பகுதியில் மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டிய கருத்து ஒன்றுதான். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த வானொலி எதிரி குண்டு போட்டு நிற்கவில்லை, உதவி செய்த கட்சியே நிறுத்தச் சொன்னதால் நின்றது. இருப்பிடம், பணம், கருவி எல்லாம் இன்னொருவருடையது என்றால், முடிவும் அவர் கையில்தான் இருக்கும். அடுத்த ஆண்டு, 1982இல், சீனக் கம்யூனிஸ்ட் கட்சி தன் 12ஆவது மாநாட்டில் கட்சிகளுக்கு இடையிலான உறவுக்கு நான்கு விதிகளை அறிவித்தது: சுதந்திரம், முழுச் சமத்துவம், பரஸ்பர மரியாதை, உள்விவகாரத்தில் தலையிடாமை. புரட்சிக் கட்சிகளுக்கான பழைய ஆதரவிலிருந்து அது விலகிக்கொண்டது என்பதும் இதன் பொருள்.

1989 நவம்பர் 9இல் பெர்லின் சுவர் திறந்தது. மூன்றே வாரம் கழித்து டிசம்பர் 2ஆம் தேதி, தென் தாய்லாந்தின் ஹட் யாய் நகரில், மலாயா கம்யூனிஸ்ட் கட்சி மலேசிய, தாய்லாந்து அரசாங்கங்களோடு அமைதி ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு ஆயுதப் போராட்டத்தை முடித்துக்கொண்டது. போராளிகள் பலர் தென் தாய்லாந்தில் அமைந்த அமைதிக் கிராமங்களில் குடியேறினார்கள். மலேசியாவுக்குத் திரும்ப அனுமதி கிடைக்காமலேயே சின் பெங் 2013இல் பாங்காக்கில் இறந்தார்.

4. வீழ்ச்சிக்குப் பிறகு: சென்னை, கொல்கத்தா, ஏதென்ஸ், டெல்லி

சோவியத் ஒன்றியம் கலைந்தபோது பல நாடுகளில் கட்சிகள் ஆட்டம் கண்டன. மேற்கு ஐரோப்பாவில் பெரிதாக இருந்த இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சி 1991 பிப்ரவரியிலேயே தன்னைக் கலைத்துக்கொண்டு வேறு பெயரில் புதுக்கட்சியானது.

இந்திய மார்க்சிஸ்ட் கட்சியின் 14ஆவது அகில இந்திய மாநாடு 1992 ஜனவரி 3 முதல் 9 வரை சென்னையில் நடந்தது. செங்கொடி கிரெம்ளினிலிருந்து இறங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. 'எங்கே தவறு நடந்தது?' என்பதே மாநாட்டின் முக்கியக் கேள்வி. சோஷலிச ஜனநாயகம் மீறப்பட்டது, அதிகாரவர்க்கம் ஊறிப்போனது, முதலாளித்துவத்தின் வலிமையைக் குறைத்து மதிப்பிட்டது ஆகியவற்றைச் சுட்டிக்காட்டித் தனித் தீர்மானமே நிறைவேற்றினார்கள். அக்கட்சி 1960களின் இறுதியிலேயே மாஸ்கோ, பெய்ஜிங் இரண்டோடும் கருத்து வேறுபட்டுத் தனியாக நின்றது. மாஸ்கோ விழுந்தபோது அது கூடவே விழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

1993 மே மாதம் அதே கட்சி, காரல் மார்க்ஸின் 175ஆவது பிறந்தநாளையொட்டி, கொல்கத்தாவில் பல நாட்டுக் கட்சிகளை அழைத்துக் கருத்தரங்கு நடத்தியது. இன்றைய உலகில் மார்க்சியம் செல்லுமா என்பதுதான் பேசுபொருள்.

இது வெறும் பேச்சோடு நிற்கவில்லை. சோவியத் உதவி நின்று, அமெரிக்கப் பொருளாதாரத் தடையும் சேர்ந்து கியூபா உணவுக்குத் தவித்தது. 1992இல் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் தலைமையில் இந்தியாவில் மக்களிடம் திரட்டிய 10,000 டன் கோதுமை கப்பலில் கியூபா போய்ச் சேர்ந்தது. முன்பு மாஸ்கோவிலிருந்து மற்ற நாடுகளுக்கு உதவி போகும். இப்போது மத்திய ஆட்சியில் இல்லாத ஓர் ஏழை நாட்டுக் கட்சி, ஆட்சியில் உள்ள இன்னொரு கட்சிக்கு உதவியது.

1998இல் கிரேக்கக் கம்யூனிஸ்ட் கட்சி ஏதென்ஸில் ஒரு கூட்டத்தைக் கூட்டியது. அதுவே 'கம்யூனிஸ்ட், தொழிலாளர் கட்சிகளின் அனைத்துலகக் கூட்டம்' என்ற தொடராக வளர்ந்தது. முதல் சில ஆண்டுகள் ஏதென்ஸிலேயே நடந்தது, பிறகு நாடு மாறி மாறி நடக்கிறது. 2009 நவம்பரில் 11ஆவது கூட்டத்தை இந்திய கம்யூனிஸ்ட் கட்சியும் மார்க்சிஸ்ட் கட்சியும் சேர்ந்து டெல்லியில் நடத்தின. 1964இல் பிரிந்த இரு கட்சிகள் ஒரே மேடையில் வீட்டுக்காரர்களாக நின்றதையும் கவனிக்க வேண்டும்.

5. சாங்கியில் இறங்கிய அதிகாரிகள்

அனுபவப் பகிர்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1992 தொடக்கத்தில் தென் சீனப் பயணத்தின்போது டெங், சிங்கப்பூரின் சமூக ஒழுங்கைப் பாராட்டி அதிலிருந்து கற்றுக்கொள்ளச் சொன்னார். அதே ஆண்டிலிருந்து சீன அதிகாரிகள் பயிற்சிக்காக நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1998இல் தொடங்கிய முதுகலை வகுப்புக்குச் சீனாவில் 'மேயர் வகுப்பு' என்றே பெயர். 1994இல் சுஜோவ் தொழிற்பூங்கா, 1996இல் வியட்நாம்-சிங்கப்பூர் தொழிற்பூங்கா எனத் திட்டங்களும் வந்தன.

கம்யூனிஸ்ட் எதிர்ப்பில் வளர்ந்த சிங்கப்பூரிடம் கம்யூனிஸ்ட் கட்சி அதிகாரிகள் பாடம் கேட்டார்கள். ஆனால் அவர்கள் கேட்டது வீடமைப்பு, ஊழல் ஒழிப்பு, நகர நிர்வாகம் போன்றவை. பல கட்சித் தேர்தலை அவர்கள் தங்கள் நாட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. கட்சியின் தலைமையை விடாமல் ஆட்சியைச் சீராக்குவதே நோக்கம். சோவியத் வீழ்ச்சியிலிருந்து ஆளும் கட்சிகள் கற்ற பாடம் இது. ஆட்சியில் இல்லாத கட்சிகள் கற்றது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

6. இந்த ஒத்துழைப்பின் எல்லை

சமத்துவத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அனைத்துலகக் கூட்டத்தின் தீர்மானம் எந்தக் கட்சியையும் கட்டுப்படுத்தாது. 2022இல் உக்ரேன் போர் வெடித்ததும் இது நன்றாகத் தெரிந்தது. ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சி தன் நாட்டின் இராணுவ நடவடிக்கையை ஆதரித்தது, கிரேக்கக் கட்சி அதைக் கண்டித்தது. 'நீ சொல்வது தப்பு' என்று தீர்ப்பளிக்க இப்போது மையம் எதுவும் இல்லை. லாய் டெக்கையும் நின்றுபோன வானொலியையும் நினைத்தால், மையம் இல்லாதது நல்லது என்று தோன்றும். ஆனால் ஒன்றாகச் செயல்படும் பலமும் அதோடு போய்விட்டது. கட்டுரைக் கேள்வியில் இந்த இரண்டு பக்கத்தையும் எழுதும் மாணவரின் விடைதான் நிற்கும்.

தேர்வுக்கு முன் ஒரு பார்வை

- 1919: கொமின்டெர்ன் தொடக்கம். 1943: கலைப்பு
- 1930: மலாயா கம்யூனிஸ்ட் கட்சி
- 1981 ஜூன் 30: வானொலி நிறுத்தம்
- 1989 டிசம்பர் 2: ஹட் யாய் ஒப்பந்தம்
- 1991 டிசம்பர்: சோவியத் ஒன்றியம் கலைதல்
- 1992 ஜனவரி: சென்னை மாநாடு
- 1993 மே: கொல்கத்தா கருத்தரங்கு
- 1998: ஏதென்ஸ் கூட்டம். 2009: டெல்லி கூட்டம்

அடிக்கடி வரும் பிழைகள்

- ஹட் யாய் ஒப்பந்தத்தில் சிங்கப்பூரும் கையெழுத்திட்டது என்று எழுதுவது. கையெழுத்திட்டவை மலேசியாவும் தாய்லாந்தும்தான்.
- சோவியத் வீழ்ச்சியால்தான் மலாயா கட்சி ஆயுதத்தைக் கைவிட்டது என்பது. ஒப்பந்தம் முந்தியது, சீன ஆதரவு அதற்கும் முன்பே குறைந்துவிட்டது.
- இன்றைய அனைத்துலகக் கூட்டத்தைப் புதிய கொமின்டெர்ன் என்பது. அதற்குக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை.

பயிற்சி வினாக்கள்

1. 'மலாயாப் புரட்சியின் குரல்' நிறுத்தப்பட்டதற்கான காரணங்களை விளக்குக.
2. கொமின்டெர்னுக்கும் 1998க்குப் பின் நடக்கும் அனைத்துலகக் கூட்டங்களுக்கும் உள்ள வேறுபாடுகள் மூன்றினை எழுதுக.
3. "மையம் இல்லாத ஒத்துழைப்பு பலவீனமானது." இக்கூற்றை நீர் ஏற்கிறீரா? இருபக்கச் சான்றுகளுடன் எழுதுக.

மூன்றாவது வினாவை வகுப்பில் முதலில் வாய்மொழியாகப் பேசவிட்டுப் பிறகு எழுதச் சொல்லிப் பாருங்கள். வீட்டிலும் பள்ளியிலும் யாரோ ஒருவர் உதவியை நம்பி இருந்த அனுபவம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அங்கிருந்து தொடங்கினால், வானொலி நின்ற கதை அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.